அட்டவணை மூன்று, நான்காம் வரி

யேசுவடியான் கூப்பிட்டபோது
மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கு அடியில்
அருமனை பஸ்ஸுக்கு நின்றிருந்தேன்.
"டீச்சரே, எனக்க பேரு கடைசிப் பக்கத்துல உண்டுண்ணு சொன்னியளே,
அஜின் போன்ல எடுத்துப் பாத்தான்.
முதல் பத்தி வருது. பிறகு ஒரு பூட்டுப் படம்.
நாப்பது டாலர் கேக்குது.
பேரு பாக்கவும் பைசாவா?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.
கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்:
சங்கத்தில் எடுக்கிற விலைக்கு இருபத்திரண்டு கிலோ.
ரப்பர் தளிர்க்கும் மாசியில்
நல்ல பெட்டி இரண்டு தருகிற தேன்.

எப்படிச் சொல்வேன் அவரிடம்.
பத்தொன்பது பெட்டிகளையும் எனக்குத் திறந்து காட்டியவர்.
நோய் பிடித்த புழு, பை போல நீர்கோத்துத் தொங்கியதை
அடையோடு பேனாக்கத்தியால் வெட்டி
இருமல் மருந்துக் குப்பியில் போட்டுத் தந்தவர்.
ஒரு பைசா வாங்கவில்லை.
கட்டுரையைச் சரிபார்த்த, முகம் தெரியாத இருவரும்
ஒரு பைசா வாங்கவில்லை.
எழுதிய எனக்கும் யாரும் தரவில்லை.
பதிப்புரிமையை நான் எழுதிக்கொடுத்தது
ஒரு ஞாயிறு இரவு.
'சம்மதம்' என்ற கட்டத்தில் ஒரு சொடுக்கு,
அதற்குள் அடுப்பில் கஞ்சி பொங்கி வழிந்துவிட்டது.

எல்லாருக்கும் திறந்து வைக்க அங்கேயே ஒரு வழி இருந்தது.
அதற்கு நான் கட்டவேண்டியது இரண்டாயிரத்து எண்ணூறு டாலர்.
கௌரவ விரிவுரையாளருக்குப் பத்து மாதச் சம்பளம்.
கௌரவத்தை எந்த வங்கியும் மாற்றித் தருவதில்லை.

பஸ் வரவில்லை. என் கட்டுரையை
என் போனில் நானே தொட்டுப் பார்த்தேன்.
கல்லூரி வாசலைத் தாண்டினால் எனக்கும் பூட்டுதான்.
நாற்பது டாலர்.

மறுநாள் நூலகத்தில் கிரேஸ் ரெஜிலா
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சொன்னாள்:
"ஒப்பந்தத்தை இப்போதாவது படி. மூன்றாம் பக்கம், பொடி எழுத்து.
அச்சுக் கோத்த பக்கம் அவர்களுடையது.
அவர்கள் ஏற்றுக்கொண்ட கைப்பிரதி உன்னுடையது.
பன்னிரண்டு மாதம் போனால் பொதுக் களஞ்சியத்தில் போடலாம்.
கேட்கிற ஆளுக்குக் கையில் கொடுப்பதை
இன்றைக்கும் யாரும் தடுக்கவில்லை."

பன்னிரண்டு மாதத்துக்குள் ஒரு மாசி வந்து போய்விடும்.
புழுவுக்கு அந்த ஒப்பந்தம் தெரியாது.

ஜெராக்ஸ் கடையில் பக்கத்துக்கு இரண்டு ரூபாய்.
இருபத்தாறு பக்கம், ஸ்டேப்ளர் ஊசி இலவசம்.
ஆங்கிலத்தின் ஓரமெல்லாம்
பென்சிலால் தமிழில் எழுதிக்கொண்டே போனேன்.
எழுத எழுத, சில வாக்கியங்களுக்கு
நான் என்ன நினைத்திருந்தேன் என்று
எனக்கே தெரியவில்லை.

ஒன்பது நாள் கழித்துக் கூப்பிட்டார்.
பெயரைப் பற்றிப் பேசவே இல்லை.
"டீச்சரே, அட்டவணை மூணு, நாலாம் வரி.
பதினொண்ணாம் பெட்டி செத்துதுண்ணு போட்டிருக்கு.
செத்தது இல்ல, ஓடிப்போச்சு.
நீங்க வாறதுக்கு முந்தின நாளே ராணி கூட்டத்தோட இறங்கி
அந்தப்பக்கத்து பிலாவுல போய் இருந்தாச்சு.
அடையில கெடந்தது விட்டுட்டுப்போன புழு.
கேட்டிருந்தா சொல்லியிருப்பனே."

கேட்கவில்லை.
குப்பியை வாங்கிக்கொண்டு, மழைக்கு முன்னால்
கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடியிருந்தேன்.

மறுபடி கணக்கிட்டேன். இறப்பு விகிதம் இறங்கியது.
முடிவுரையில் ஒரு வாக்கியம் நொண்டியது.
இதழுக்கு எழுதினேன்,
பிழையைக் கண்டவர் என்று அவர் பெயரையும் சேர்த்து.
அவர்கள் பதிலெழுத ஐந்து மாதம்.

இப்போது அஜின் போனில் தேடினால்
யேசுவடியான் என்ற பெயர் பூட்டில்லாமல் வருகிறது,
'திருத்தம்' என்ற தலைப்புக்குக் கீழே ஆறு வரியில்.
திருத்தங்களை யாரும் இலவசமாய்ப் படிக்கலாமாம்,
அது அவர்கள் கொள்கை.

தவறு மட்டும்
இன்னும் நாற்பது டாலர்.